அக்யூட் வார்டில் 2 வாரம்: சைக்கோசிஸ் உள்ளவரிடம் என்ன பேச முடியும்?

வார்டு_புதுசு கேட்டது:

வணக்கம். மருத்துவமனை மனநல வார்டில் கிளினிக்கல் சைக்காலஜி பயிற்சியில் இருக்கிறேன். ரவுண்ட்ஸ் முடிந்ததும் கேஸ் ஷீட்டில் "கவுன்சலிங்" என்று ஒரு வரி விழுந்துவிடுகிறது. அப்படி வருகிறவர்களில் பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளிகள், மற்றவர்கள் முதல்தடவை சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது, அசைக்க முடியாத தவறான நம்பிக்கை) வந்தவர்கள். கையேடுகளைத் திறந்தால் 16 செஷன், செஷனுக்கு 1 மணி நேரம், தனி அறை, எழுதிக்கொண்டு வர வீட்டுப்பாடம் என்று போகிறது. இங்கே ஆள் 2 வாரம் இருப்பார், மிஞ்சினால் 3. ஊசி மயக்கத்தில் கண் சொருகும். தனி அறை கிடையாது. கட்டிலோரம் உட்கார்ந்தால் எல்லாக் கேள்விக்கும் கூடத் தங்கியிருக்கும் வீட்டுக்காரர், அதாவது அட்டெண்டரே பதில் சொல்லிவிடுகிறார்.

மருந்து பிடிக்கும்வரை காத்திருக்கலாமா, சேர்ந்த மறுநாளே உட்காரலாமா? 16 செஷனில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? "எதிர்வீட்டுக்காரன் செய்வினை வெச்சுட்டான்" என்கிறவரிடம் ஆமாம் என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது என்கிறார்கள். அப்படியானால் என்னதான் சொல்வது? உண்மையில் வார்டில் உட்கார்ந்து இதைச் செய்கிறவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

மூன்றாம்_மாடி பதில்:

முதலில் அந்த 16. பிரிட்டனின் நைஸ் வழிகாட்டி 2014இல் சொன்னது இது: சைக்கோசிஸ் உள்ள எல்லோருக்கும் சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் வைத்துச் செய்யும் பேச்சுச் சிகிச்சை) தர முன்வர வேண்டும், ஒருவருக்கு ஒருவராக, குறைந்தது 16 செஷன், வார்டில் இருக்கும்போதே தொடங்கலாம். 'தொடங்கலாம்' என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டுத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பதினாறையும் வார்டுக்குள் அடைக்க யாரும் சொல்லவில்லை. முதல் 4, 5 செஷன் உங்களுடையது. மீதி ஓபியில் நடக்க வேண்டியது.

அந்த நாலைந்தில் என்ன கிடைக்கும் என்பதைக் கூட்டிச் சொல்லிக்கொள்ளாமல் இருப்பது நல்லது. இங்கிலாந்தில் சாக்ரடீஸ் என்ற பெயரில் நடந்த சோதனையின் முடிவு 2002இல் வந்தது. முதல்முறையோ இரண்டாம்முறையோ நோய் வந்து சேர்ந்த 315 பேர், 5 வாரத்தில் 15 முதல் 20 மணி நேரம் சிபிடி. 4ஆம் வாரத்தில் சிகிச்சை பெற்றவர்கள் கொஞ்சம் முன்னால் இருந்தார்கள், பிறகு மற்றவர்களும் அந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள். அதாவது, தேறுவது சற்று விரைந்தது, அவ்வளவுதான். சிபிடி சோதனைகள் பலவற்றையும் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வும் பலன் சிறியது என்றுதான் சொன்னது.

ஆனால் அதே 2002இல் பேக், ஹேய்ஸ் இருவரும் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் 80 பேரிடம் செய்த சோதனையைப் பாருங்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு 'ஆக்ட்' முறையில் (எண்ணங்களோடு மல்லுக்கட்டாமல் வேண்டியதைச் செய்யப் பழக்கும் சிகிச்சை) 4 செஷன் மட்டும். அடுத்த 4 மாதத்தில் திரும்பச் சேர்க்க வேண்டியிருந்தவர்கள் ஒரு பக்கம் 40 சதவீதம், சிகிச்சை பெற்ற பக்கம் 20. வேடிக்கை என்னவென்றால், "குரல் இன்னும் கேட்கிறது" என்று ஒத்துக்கொண்டவர்கள் சிகிச்சை பெற்ற பக்கத்தில்தான் அதிகம். கேட்கிறது, ஆனால் அது சொல்வதை முன்போல நம்பவில்லை. வார்டில் நாம் வைத்துக்கொள்ளக்கூடிய குறி இதுதான். நம்பிக்கையைப் பிடுங்கி எறிவது நம் வேலை இல்லை. அது அவரைப் பிடித்து ஆட்டும் வேகம் குறைந்தால் போதும்.

எப்போது தொடங்குவது? சேர்ந்த 2ஆம் நாளோ 3ஆம் நாளோ. முதல் சந்திப்பு 10 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். குழப்பநிலையில் இருப்பவர், கேட்டடோனியாவில் உறைந்திருப்பவர், பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும் மேனியா, இவர்களை விட்டுவிடுங்கள். மற்றவர்களுக்கு ஒரே சோதனை: ஒரு விஷயத்தைப் பற்றி 10 நிமிடம் பேச்சு அறுந்து போகாமல் வருகிறாரா? வந்தால் போதும். மருந்து நேரத்தைப் பார்த்துப் போங்கள். காலை மாத்திரை போட்ட அரை மணியிலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் போனால் தூங்குகிறவரிடம் பேச வேண்டியதுதான். 11 மணியோ சாயங்காலம் 4 மணியோ பெரும்பாலும் சரிப்படும். உட்காரவே முடியாமல் கால் மாற்றிக் கால் வைத்துக்கொண்டு நிற்கிறாரா? அது மருந்தால் வரும் அகத்தீசியாவாக இருக்கலாம். 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பேச்சை வராண்டாவில் நடந்துகொண்டே வைத்துக்கொள்ளலாம்.

அந்தச் செய்வினைக் கேள்விக்கு உதாரணமாக ஒரு பேச்சை எழுதிக் காட்டுகிறேன்.

"எதிர்வீட்டுக்காரன் எனக்கு வெச்சுட்டான் சார். வயித்துல முடி கெடக்கு."

"இப்படித் தோண ஆரம்பிச்சு எவ்ளோ நாளாச்சு?"

"ஆடி மாசத்துலேர்ந்து."

"அப்பதான் வேற ஏதாச்சும் நடந்துச்சா?"

"கடைய மூடுனேன். அதுலேர்ந்து தூக்கமே இல்ல."

"வயித்துல எப்ப ரொம்பத் தொந்தரவா இருக்கும்?"

"ராத்திரிதான். எரியும். அப்ப அவன் சிரிக்கிற சத்தம் கேக்கும்."

"அந்த நேரத்துல பயமா இருக்குமா, கோவம் வருமா?"

"பயம்தான்."

"அந்தப் பயம் ராத்திரி முழுக்க உங்களத் தூங்க விடல. மொதல்ல அத எப்படிக் கொறைக்கலாம்னு ரெண்டு பேரும் சேந்து பாப்பமா?"

இதில் ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. எப்போதிலிருந்து, அப்போது வேறென்ன, எந்த நேரத்தில், என்ன உணர்ச்சி என்று நாலு கேள்விதான். கடை மூடியது, தூக்கம் போனது, வயிறு எரிந்தது, சத்தம் கேட்டது என்று ஒரு வரிசை அவர் வாயாலேயே வந்துவிட்டது. அதை அரைப் பக்கத்தில் நாலு கட்டம் போட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி அவர் கையில் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பூட்டிய கடை, விழித்த கண், வயிறு, காது என்று படம் வரைந்தால் போதும். 2ஆம் செஷன் முழுக்க அந்தத் தாள்தான். "நாலு நாள் தூங்காம இருந்தா யாருக்கு வேணாலும் சத்தம் கேக்கலாம்" என்று அங்கேதான் சொல்ல வேண்டும், அதற்கு முன் இல்லை. தூக்கமின்மை, துக்கம், தனிமை, காய்ச்சல் இவற்றில் நோயில்லாதவர்களுக்கும் குரல் கேட்பது உண்டு என்ற இந்தச் சாதாரணமாக்கல்தான் வார்டில் அதிகம் வேலை செய்கிறது.

"நீங்க நம்புறீங்களா சார்?" என்று நேராகக் கேட்டால், "நான் அங்க இல்ல, அதனால எனக்குத் தெரியல. நீங்க படுற பாடு நெஜம்னு தெரியுது" என்று சொல்லலாம்.

அடுத்து குரல்கள். சென்னை, கானாவின் அக்ரா, கலிபோர்னியாவின் சான் மாட்டியோ மூன்று இடங்களிலும் இடத்துக்கு 20 பேரிடம் மானுடவியலாளர் லூர்மன் குழு பேசி 2015இல் வெளியிட்ட ஆய்வை நம்மூரில் வேலை செய்கிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னையில் பாதிப் பேருக்கு மேல் கேட்டது சொந்தக்காரர் குரல்: அம்மா, மாமியார், நாத்தனார். குளி, சமை, சாப்பிடு என்று வீட்டு வேலை சொல்லும் குரல்கள். அமெரிக்கர்களுக்குக் கேட்டதோ பெரும்பாலும் முகம் தெரியாதவரின் வன்முறைப் பேச்சு. ஆகவே வெளிநாட்டுக் கையேட்டில் உள்ளபடி "குரல் உங்களைத் துன்புறுத்துகிறதா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "யாரு பேசுற மாதிரி இருக்கு? அவங்க ஒங்களுக்கு என்ன வேணும்? நல்லதும் சொல்வாங்களா?" என்று கேளுங்கள். செத்துப்போன அப்பாவின் குரல் என்றால் அவர் அதைத் தொலைக்கவே விரும்பாமல் இருக்கலாம். அதை ஒழிக்கப் போகிறேன் என்று நீங்கள் கிளம்பினால் மறுநாள் பேச வரமாட்டார்.

கெட்டுப்போகும் இடங்கள் எனக்குத் தெரிந்து மூன்று. வாதத்தில் ஜெயிப்பது முதலாவது: "முடி இருந்தா ஸ்கேன்ல தெரிஞ்சிருக்குமே" என்றால் "ஸ்கேன் எடுத்தவனும் அவன் ஆள்" என்று ஒரு வளையம் கூடும், அதில் நீங்களும் சேர்ந்துவிடுவீர்கள். ஆதாரத்தை எடை போடும் வேலை முழு சிபிடியில் 6ஆம், 7ஆம் செஷனுக்கு மேல் வருவது, வார்டில் அதைத் தொடவே வேண்டாம். அவரைச் சமாதானப்படுத்த "ஆமா, வெச்சிருப்பான்" என்பது இரண்டாவது. மூன்றாவது, கதையைத் தோண்டித் தோண்டிக் கேட்பது. தினமும் அரை மணி நேரம் விவரமாகச் சொல்லச் சொன்னால் அந்தக் கதைக்கு நாமே உரம் போடுகிறோம். உள்ளடக்கத்தை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள், பிறகு விளைவுகளுக்கு வந்துவிடுங்கள்.

---

நைட்_டூட்டி பதில்:

மூன்றாம்மாடி சார் எழுதியதில் ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. "எனக்குத் தெரியல" என்பது எல்லோரிடமும் செல்லாது. சந்தேக நோய் உள்ளவர் முகத்தைப் படிப்பதில் கெட்டி. தெரியாது என்று வாய் சொல்ல, மாத்திரை மட்டும் கை கொடுக்கும்போது அவருக்கு விளங்கிவிடும். நேராகக் கேட்டால் நேராகவே, "எனக்கு வேற மாதிரி தோணுது. ஆனா நீங்க பொய் சொல்றீங்கன்னு நெனைக்கல" என்று சொன்னால் நிற்கிறது. சண்டை வருவது மாறுபட்டு நினைப்பதால் அல்ல, மறைப்பதால்தான்.

இன்னொரு விஷயம் யாரும் எழுதவில்லை. சைக்காலஜிஸ்ட் ஒரு நாளில் 20 நிமிடம் இருக்கிறார், மற்ற நேரமெல்லாம் வார்டுதான். நீங்கள் காலையில் "பயத்தைக் குறைப்போம்" என்று பேசிவிட்டுப் போவீர்கள். ராத்திரி 2 மணிக்கு அவர் எழுந்து உட்காரும்போது டூட்டியில் இருப்பவருக்கு அது தெரியாது. "ஒண்ணுமில்ல, படு" என்பார், அடுத்து "ஊசி போடவா?" என்பார். ஊசியை மிரட்டலாக்கிய அன்றே உங்கள் 3 செஷனும் காலி. ஆகவே கேஸ் ஷீட்டில் "சிபிடி செஷன் 2 முடிந்தது" என்று எழுதுவதால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை. இப்படி எழுதுங்கள்: "ராத்திரி வயிறு எரிகிறது, சிரிப்புச் சத்தம் கேட்கிறது என்பார். வாதம் வேண்டாம். தண்ணீர் கொடுத்து, எழுந்து உட்கார வைத்து, தாளில் உள்ள படத்தைக் காட்டவும். 10 நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் டூட்டி டாக்டர்." டூட்டி மாறும்போது இந்த நாலு வரியை வாசித்துவிடலாம்.

தூக்கம்தான் வார்டில் முதல் சிகிச்சை என்பேன். ஆக்ஸ்ஃபோர்டில் அக்யூட் வார்டு ஆண்கள் 40 பேரை வைத்து, 2 வாரத்தில் முடியும் தூக்கச் சிகிச்சை ஒன்றை முயன்று பார்த்திருக்கிறார்கள். தூக்கமின்மை நன்றாகவே குறைந்தது. செய்தது என்ன? பகலில் வெளிச்சத்தில் உட்கார வைப்பது, பகல் தூக்கத்தைச் சுருக்குவது, படுக்கும் நேரத்தை நிலையாக வைப்பது, கவலையைப் படுக்கைக்குக் கொண்டுபோகாமல் பார்ப்பது. நம் வார்டில் கெடுப்பவை கண்ணுக்குத் தெரிந்தவைதான்: ராத்திரி முழுக்க எரியும் ட்யூப்லைட், 6 மணிக்கு மேல் டீ, 8 மணிக்கே எல்லோரையும் படுக்க வைப்பது. 8 மணிக்குப் படுத்தவர் 3 மணிக்கு எழுந்தால் அது 7 மணி நேரத் தூக்கம். "ராத்திரியில தூங்கல" என்று குறிப்பெழுதி மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

குரல் அதிகமாகக் கேட்கும் நேரத்துக்கு ஒரு சின்னக் கைவேலை. வாய்க்குள் முணுமுணுப்பது, மெல்லப் பாடுவது, சத்தமாகப் படிப்பது, 100லிருந்து பின்னோக்கி எண்ணுவது, இவற்றில் ஏதாவது ஒன்று பலருக்குக் குரலை அமுக்கும். நாக்கும் தொண்டையும் வேறு வேலையில் இருப்பதால் என்று விளக்கம் சொல்கிறார்கள். பக்தர்களுக்குக் கந்தசஷ்டி கவசமோ ஜெபமோ துவாவோ நன்றாக வருகிறது. சாமியே குரலாகப் பேசுகிறவருக்கு மட்டும் அதைக் கொடுக்காதீர்கள். ஹெட்போன் வெளிநாட்டில் கொடுப்பார்கள், ஆனால் வார்டில் வயர் உள்ள எதுவும் கழுத்துக்குப் போகலாம். கொடுக்காதீர்கள்.

---

குடும்பப்_பக்கம் பதில்:

சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க் பக்கத்திலிருந்து. அட்டெண்டர் நடுவில் பேசுகிறார் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். வெளிநாட்டு வார்டில் இல்லாத ஒன்று நம்மிடம் இருப்பது அதுதான் மேடம். 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் வளாகத்தில் கூடாரம் அடித்துக் குடும்பங்களைத் தங்க வைத்தார். வேலூர் சிஎம்சியிலும் அந்தக் காலத்திலேயே நோயாளியோடு குடும்பமும் தங்குகிற முறை வந்துவிட்டது. லண்டனில் குடும்பத்தை ஒருமுறை வரவழைக்கத் தலைகீழாக நிற்கிறார்கள். நைஸ் வழிகாட்டி குடும்ப சிகிச்சைக்கு 3 மாதம் முதல் 1 வருடத்துக்குள் குறைந்தது 10 செஷன் என்கிறது. நமக்கு ஆள் கட்டிலுக்குக் கீழேயே பாய் விரித்துப் படுத்திருக்கிறார்.

ஆனால் முறை வேண்டும். முதலில் நோயாளியிடம் மட்டும் 10 நிமிடம், அட்டெண்டரை டீ குடிக்க அனுப்பிவிடுங்கள். போகமாட்டேன் என்றால் கண்ணில் படும் தூரத்தில், காதில் விழாத தூரத்தில் பெஞ்சில் உட்கார வைக்கலாம். முடிக்கும்போது, "இதுல எத வீட்டுக்காரங்ககிட்ட சொல்லலாம், எதச் சொல்லக் கூடாது?" என்று அவரிடமே கேளுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியக் காப்பு அவர் உரிமை என்கிறது. 14ஆம் பிரிவின்படி நியமனப் பிரதிநிதியாக (சிகிச்சை முடிவுகளில் அவருக்கு உதவுபவராக) இருப்பவருக்குத் தன் கடமைக்குத் தேவையான அளவு சொல்லலாம், உயிருக்கு ஆபத்து என்றாலும் சொல்லலாம். கூட வந்தவர் என்பதாலேயே ஒருவர் நியமனப் பிரதிநிதி ஆகிவிடமாட்டார். பிறகு மூவருமாக 10 நிமிடம்.

அந்த 10 நிமிடத்தில் என்ன? பாடம் நடத்தாதீர்கள். அண்ணன்காரரோ மனைவியோ என்ன நினைக்கிறார் என்று முதலில் கேளுங்கள். "வேல செய்யச் சோம்பேறித்தனம், நடிக்கிறான்" என்று வந்தால் அங்கேதான் வேலை. குளிக்காமல் படுத்துக் கிடப்பது நோயின் ஒரு பகுதி, குணம் அல்ல என்று புரிந்தால் திட்டு பாதி குறையும். 1970களில் லண்டனில் பார்த்தது: குறை சொல்லிக்கொண்டே இருக்கும் வீட்டில், வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகம் பார்த்து இருந்தவர்களுக்கு நோய் அதிகம் திரும்பியது. பின்னர் சண்டிகரில் பார்த்தபோது இங்கே அப்படிப்பட்ட வீடுகள் குறைவு என்று தெரிந்தது. நம் கூட்டுக் குடும்பத்தில் 35 மணி நேரக் கணக்கெல்லாம் பார்க்க முடியாது. திட்டுகிறவர் யார், பரிந்து பேசுகிறவர் யார் என்று பார்த்து, மாத்திரை கொடுப்பதும் எழுப்பிவிடுவதும் பரிந்து பேசுகிறவர் பொறுப்பில் வருமாறு மாற்றுங்கள். ஒரே வேலையை ஆள் மாற்றிக் கொடுப்பதுதான், ஆனால் வீட்டில் சத்தம் குறையும்.

செய்வினையை நோயாளி மட்டுமா நம்புகிறார், குடும்பமும் நம்புகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். குடும்பமே நம்பினால் அதை டெல்யூஷன் (நோயால் வரும் தவறான நம்பிக்கை) என்று எழுதும் முன் யோசிக்க வேண்டும். ஏர்வாடி தர்காவுக்கோ குணசீலம் கோயிலுக்கோ போய்விட்டு வந்திருப்பார்கள். "அங்கெல்லாம் போகாதீங்க" என்றால் போவார்கள், உங்களிடம் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். "போங்க, ஆனா விரதம்னு மாத்திரைய நிறுத்தாதீங்க, புகை போட்டு மூச்சு முட்ட வைக்க விடாதீங்க, கட்டிப் போட விடாதீங்க" என்று மூன்று நிபந்தனை போடுங்கள். சங்கிலியால் கட்டுவதை அதே சட்டத்தின் 95ஆம் பிரிவு எந்த வடிவத்திலும் தடை செய்கிறது என்றும் சொல்லலாம், பலருக்கு அது தெரியாது.

பாகிஸ்தானில் நயீம் குழு கராச்சியில் சோதித்த சுருக்கமான சிபிடி நமக்கு நெருக்கமான மாதிரி: நோயாளிக்கு 6 செஷன், குடும்பத்துக்கு 1. நோய்க்கு அவர்கள் சொல்லும் காரணத்தையும் நம் விளக்கத்தையும் அடித்துக்கொள்ளாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவதுதான் அதன் சாரம்.

---

வார்டு_புதுசு:

மூவருக்கும் நன்றி. "எனக்குத் தெரியல" / "எனக்கு வேற மாதிரி தோணுது" விவாதமே எனக்குப் பெரிய பாடம். இன்னும் இரண்டு கேள்வி. குரல் கட்டளையிடும்போது, "கிணத்துல குதி", "அவள அடி" என்கிற மாதிரி வரும்போது என்ன செய்வது? குழுவாக உட்கார வைத்து ஏதாவது செய்யலாமா, இல்லை ஒருவரை ஒருவர் கெடுத்துவிடுவார்களா?

---

வெள்ளிக்கிழமை_குழு பதில்:

கட்டளைக் குரலில் முதல் வேலை சிகிச்சை அல்ல, பாதுகாப்பு. நாலு கேள்வி: சரியாக என்ன வார்த்தையில் சொல்கிறது? இதற்கு முன் சொன்னபடி செய்திருக்கிறாரா, பாதியாவது? செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கிறார்? வீட்டில் கிணறு, பூச்சிமருந்து, அரிவாள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? கேட்பதற்கு முன்பே, "உயிருக்கு ஆபத்துனா நான் டாக்டர்கிட்டயும் சிஸ்டர்கிட்டயும் சொல்லியே ஆகணும்" என்று சொல்லிவிட வேண்டும். கேட்டுவிட்டுப் பிறகு சொன்னால் அது காட்டிக்கொடுத்தது போலாகும்.

மூன்றாவது கேள்விதான் திறவுகோல். குரல் எவ்வளவு சத்தம் என்பதை விட, அதற்கு எவ்வளவு சக்தி இருப்பதாக நினைக்கிறார் என்பதே முக்கியம் என்று சாட்விக், பர்ச்வுட் இருவரும் 1994இல் காட்டினார்கள். அந்த அடிப்படையில் வந்த சிகிச்சையை 197 பேரிடம் சோதித்ததில், 18ஆம் மாதத்தில் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர்கள் வழக்கமான சிகிச்சையில் 46 சதவீதம், இதில் 28. குரல் இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. அது பல மாதச் சிகிச்சை, வார்டில் முழுதாகச் செய்ய முடியாது. ஒரு துண்டை எடுத்துக்கொள்ளலாம். பலர் பெரிய கட்டளையைத் தவிர்க்கச் சின்னதாக ஒன்றைச் செய்து குரலைச் சமாதானப்படுத்துவார்கள்: அடி என்றால் கையை ஓங்கிவிட்டு நிறுத்துவது, குதி என்றால் மாடிப்படி வரை போய்விட்டுத் திரும்புவது. "நல்லவேளை, செய்யல" என்று நாம் விட்டுவிடுகிறோம். அவர் மனதிலோ, "அந்தளவுக்குச் செஞ்சதாலதான் விட்டுச்சு" என்று குரலின் சக்தி கூடிப் போகிறது. இதைக் கண்டுபிடித்து, ஆபத்தில்லாத ஒரு கட்டளையில் தொடங்குங்கள். "சாப்பிடாத" என்று குரல் சொல்லும்போது ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு 10 நிமிடம் என்ன நடக்கிறது என்று கூடவே உட்கார்ந்து பார்ப்பது. ஒன்றும் நடக்கவில்லை என்றால் அதை அவர் வாயால் சொல்ல வைத்து எழுதிக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்தான கட்டளையைச் சோதனைப் பொருளாக்கவே கூடாது.

குழு: செய்யலாம், ஆனால் "எல்லோரும் தங்கள் பிரச்சினையைச் சொல்லுங்கள்" என்ற மாதிரி குழு வேண்டாம். ஹாம்பர்க்கில் மோரிட்ஸும் உட்வர்டும் உருவாக்கிய மெட்டாகாக்னிட்டிவ் பயிற்சி (நாம் யோசிக்கும் விதத்தையே கவனிக்கப் பழக்குவது) வார்டுக்கென்றே செய்தது போல் இருக்கிறது. ஸ்லைடுகள் இலவசமாகக் கிடைக்கும். 8 பகுதி அடிப்படை, ஒன்றுக்கு 45 முதல் 60 நிமிடம், 3 முதல் 10 பேர். எந்தப் பகுதியிலும் புதிதாக ஒருவர் நுழையலாம், டிஸ்சார்ஜ் ஆனவர் பாதியில் போகலாம். யாருடைய டெல்யூஷனையும் தொடாமல், மனிதர்கள் எல்லோருமே அவசர முடிவுக்கு வருகிறோம் என்பதைப் படப் புதிரில் காட்டும். ஒரு உருவம் கோடு கோடாகத் தெளிவாகிக்கொண்டே வரும். ஆரம்பத்திலேயே "இதுதான்" என்று ஒருவர் அடித்துச் சொல்வார், கடைசியில் அது வேறொன்றாக இருக்கும். சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், "அவசரத்துல முடிவெடுத்தா வாழ்க்கையில எங்க கஷ்டம் வரும்?" என்று ஒரு கேள்வி, அதோடு நிறுத்த வேண்டும். "இதே மாதிரிதான் நீங்க எதிர்வீட்டுக்காரர்மேல..." என்று ஒருவரைக் காட்டிப் பேசிவிட்டால் அவர் மட்டுமல்ல, அடுத்த வாரம் குழுவே வராது.

நம் வார்டுக்கு நான் சொல்லும் மாற்றம்: 45ஐ 30 நிமிடமாக்குங்கள், ஸ்லைடு பாதி போதும். எழுத்துள்ள ஸ்லைடுகளைப் படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் தெரிந்தவரை உட்கார வைக்கவும். 6 பேருக்கு மேல் வேண்டாம், கூட ஒரு நர்சோ மாணவரோ இருக்க வேண்டும். பொங்கிக் கொண்டிருப்பவரையும் கடும் சந்தேகத்தில் இருப்பவரையும் முதல் வாரம் சேர்க்காதீர்கள். ஓவியம், இசை மாதிரியான கலைச் சிகிச்சைகளையும் நைஸ் யோசித்துப் பார்க்கச் சொல்கிறது, பேச்சு குறைந்து ஒடுங்கிப் போனவர்களுக்கு அது ஒரு வாசல். ஆள் கிடைத்தால்.

'கவுன்சலிங்' என்று எழுதுகிறார்கள் என்றீர்களே. அதே வழிகாட்டி, பொதுவான ஆதரவுக் கவுன்சலிங்கைச் சைக்கோசிஸுக்குத் தனிச் சிகிச்சையாக வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. சிபிடி கிடைக்காத இடத்தில் நோயாளியின் விருப்பத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையும் வைத்திருக்கிறது. ரவுண்ட்ஸில் இதை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். "என்ன எதிர்பார்த்து அனுப்புறீங்க சார், தூக்கமா, குரலா, மருந்து எடுத்துக்க மாட்டேங்குறாரா, குடும்பமா?" என்று கேட்டாலே அந்த ஒரு வரி தெளிவாகிவிடும்.

---

மூன்றாம்_மாடி:

நைட் டூட்டி சிஸ்டர் சொன்ன திருத்தம் சரி. நேராகக் கேட்பவருக்கு அவர் சொன்ன வாக்கியமே மேல்.

ஒன்று விட்டுப்போயிற்று: டிஸ்சார்ஜ். கடைசி செஷனை டிஸ்சார்ஜ் அன்று வைக்காதீர்கள், அன்று பஸ் நேரம், பில், மாத்திரை வாங்குவது என்று யார் காதிலும் ஏறாது. முந்தின நாள் வையுங்கள். சட்டைப் பையில் மடித்து வைக்கும் அளவு ஒரு அட்டை. ஒரு பக்கம் நோய் திரும்புவதற்கு முன் அவருக்கே உரிய அறிகுறிகள் மூன்று. 'தூக்கம் கெடும்' என்று பொதுவாக எழுதாமல், 'ரெண்டு ராத்திரி 2 மணிக்கு மேல் முழிப்பு', 'எதிர்வீட்டு ஜன்னலை அடிக்கடி பார்க்கிறார்', 'சாப்பாட்டை மோந்து பார்க்கிறார்' என்று. ஒன்றை நோயாளி சொல்ல வேண்டும், ஒன்றைக் குடும்பம், மூன்றாவது இருவரும் ஒத்துக்கொண்டது. மறுபக்கம் என்ன செய்வது: யாரிடம் முதலில் சொல்வது, ஓபி நாள், அடுத்த ஊசித் தேதி, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. செஷனில் வரைந்த கட்டப் படத்தின் நகலை ஓபி நோட்டில் ஒட்டி அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஓபியில் உட்கார்ந்திருப்பவர் "எப்ப ஆரம்பிச்சது?" என்று முதலிலிருந்து கேட்பார்.